பேராச்சிக்கு வாசித்துக் காட்டியது

பேராச்சி தாராவியை விட்டுப் போனது 2023 பிப்ரவரி பதினெட்டாம் தேதி, சனிக்கிழமை. அன்றைக்கு மகாசிவராத்திரி. விரத நாளில் யாராவது வீடு மாறுவார்களா என்று சாலில் நாலு பேர் கேட்டார்கள். மகன் செல்வத்துக்கு அன்றைக்குத்தான் லீவு, டெம்போவும் அன்றைக்குத்தான் கிடைத்தது. பதினாறு அறைகளை வரிசையாகக் கோத்த அந்த நீளமான சால் கட்டடத்தில் முப்பத்து நாலு வருஷம் இருந்தவளின் சாமான்கள் ஒரு மணி நேரத்துக்குள் வண்டியேறிவிட்டன. பீரோ, கட்டில், தண்ணீர் பிடிக்கும் நீல டிரம் இரண்டு, சாமி படங்கள் அடுக்கிய அட்டைப்பெட்டி, கடைசியாக வெண்கலப் பானை. பானையை மட்டும் பின்னால் வைக்க அவள் விடவில்லை. பழைய சேலையில் சுற்றி, டிரைவர் பக்கத்தில் ஏறி உட்கார்ந்து, மடியில் வைத்துக்கொண்டாள்.

சந்து முனையில் இருக்கும் ஜெராக்ஸ் கடையிலிருந்து இசக்கிசெல்வி இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தாள். கடை அவளுடையதல்ல; பதினான்கு வருஷமாக அங்கே வேலை பார்க்கிறாள். ரேஷன் கார்டு, ஆதார், ரயில் டிக்கெட், பள்ளிக்கூட விண்ணப்பம் என்று அந்தச் சந்து ஜனங்களின் காகிதங்களெல்லாம் அவள் கை வழியாகத்தான் போகும். அன்று யாருக்கோ பாஸ்புக் நகல் எடுத்துக்கொண்டிருந்தவள், டெம்போ உறுமியதும் எல்லாவற்றையும் அப்படியே போட்டுவிட்டு வெளியே வந்தாள். சந்துக்கு வேறு வாசல் கிடையாது. வண்டி கடையைத் தாண்டித்தான் போயாக வேண்டும். தாண்டுகிற நேரம் பார்த்து ஒரு ஸ்கூட்டர் குறுக்கே நிற்க, டெம்போ அரை நிமிஷம் அவளுக்கு நேராகவே நின்றது.

"சித்தி" என்று கூப்பிட்டாள்.

பேராச்சி திரும்பவில்லை. பானையின் வாயை மூடியிருந்த சேலைத் துணியைச் சரிசெய்தாள். ஸ்கூட்டர்க்காரன் விலகினான். வண்டி போய்விட்டது.

மகன் வீடு இருக்கும் முலுண்ட் ஒன்றும் கடல் கடந்த ஊரில்லை. சயானில் லோக்கல் ரயில் ஏறினால் அரை மணி நேரம். ஆனாலும் அந்த வண்டி நின்ற அரை நிமிஷம் இசக்கிசெல்விக்குள் அப்படியே நின்றுபோனது. பக்கத்தில் போய்க் கதவைத் தட்டியிருக்கலாம். டிரைவரிடம் ஒரு நிமிஷம் நில்லப்பா என்று சொல்லியிருக்கலாம். ஒன்றும் செய்யாமல், கையில் யாருடைய பாஸ்புக்கையோ வைத்துக்கொண்டு நின்றாள்.

இத்தனைக்கும் காரணம் அவள் எழுதிய ஓர் எழுத்து. எழுதியது மட்டுமல்ல, வாசித்ததும்தான்.

இசக்கிசெல்விக்கு ஒரு வலைப்பூ இருந்தது. 'தொண்ணூறடி ரோடு' என்று, சந்துக்கு வெளியே போகும் பெரிய ரோட்டின் பெயர். மாநகராட்சித் தமிழ்ப் பள்ளியில் பத்தாவது வரை படித்தவள். அதற்கு மேல் படிக்க வீட்டில் வழியில்லை, கல்யாணம் பண்ணிவைத்தார்கள். 2012ல், கடைக்கு ஆள் வராத மத்தியானங்களில், கணினியில் தமிழ் அடிக்கப் பழகிக்கொண்டு எழுத ஆரம்பித்தாள். வருஷம் முழுக்க எழுதமாட்டாள். விநாயகர் சதுர்த்தியில் தொடங்கிப் பொங்கலோடு நிறுத்திவிடுவாள். மற்ற மாதங்களில் சந்தில் சண்டையும் தண்ணீரும்தான்; அதை எழுதி என்ன ஆகப்போகிறது என்பாள்.

ஒரு வருஷம் இப்படி எழுதியிருந்தாள்: "எங்கள் சந்தில் பண்டிகைக் காலத்தைத் தொடங்கிவைப்பது காலண்டர் அல்ல. நாகர்கோவில் வண்டிக்கு முன்பதிவு திறக்கும் காலை எட்டு மணி. எட்டு அடித்து இரண்டு நிமிஷத்தில், ஊருக்குப் போகிறவர் யார், இங்கேயே கிடக்கப்போகிறவர் யார் என்பது முடிவாகிவிடும். தொண்ணூறடி ரோட்டில் பொங்கலிடுகிற ஜனத்தில் பாதி டிக்கெட் கிடைக்காத ஜனம். பானை பொங்கும்போது மட்டும் அது யாருக்கும் ஞாபகம் வருவதில்லை." இன்னொரு டிசம்பரில், வேதக்கார வீடுகளில் தொங்கும் காகித நட்சத்திரத்தைப் பார்த்து மற்ற வீட்டுப் பிள்ளைகள் அழுத கதையையும், அதன் பிறகு சாலில் முருகன் படத்துக்கு மேலேயும் நட்சத்திரம் ஏறிய கதையையும் எழுதினாள்.

படிக்கிறவர்கள் சில நூறு பேர் இருந்தார்கள். மஸ்கட்டில் இருந்தார்கள், உல்லாஸ்நகருக்குக் குடிபோனவர்கள் இருந்தார்கள். மாட்டுங்காவிலிருந்து வேங்கடசுப்ரமணியன் என்று வங்கியில் ஓய்வுபெற்ற ஒருவர் ஒவ்வொன்றுக்கும் பின்னூட்டம் போடுவார். சந்துக்குள் மட்டும் யாருமில்லை. பெரியவர்களில் பலருக்கு எழுத்தே தெரியாது. சிறுசுகள் இந்தியிலும் இங்கிலீஷிலும் படித்தவை. வீட்டில் பேசுகிற தமிழ் வாயோடு சரி, எழுத்தைக் காட்டினால் முழிக்கும். பக்கத்து வீட்டுக்காரி படிக்கமாட்டாள் என்கிற தைரியத்தில்தான் பக்கத்து வீட்டுக்காரியைப் பற்றி இத்தனை சுதந்திரமாக எழுத வருகிறது என்பதை இசக்கிசெல்வி ஒருநாளும் தனக்குத்தானே சொல்லிக்கொண்டதில்லை.

அவள் எழுதுவதைத் தெரிந்துகொள்ள ஆசைப்பட்ட ஒரே ஆள் பேராச்சி.

பேராச்சிக்கு நாங்குநேரிப் பக்கம். பத்தொன்பது வயதில் கல்யாணமாகி வந்து இறங்கியவள். புருஷன் தோல் பட்டறையில் வேலை பார்த்தார்; 2011ல் போய்ச் சேர்ந்துவிட்டார். அதிலிருந்து சட்டைப் பட்டறையில் கட்டுக் கட்டாகச் சட்டை வாங்கிவந்து, தையலில் நீட்டிக்கொண்டிருக்கும் நூல் பிசிறுகளைக் குட்டிக் கட்டரால் வெட்டிக் கொடுக்கும் வேலை. மத்தியானம் சாப்பாடு முடிந்ததும் ஒரு கட்டுச் சட்டையைத் தூக்கிக்கொண்டு ஜெராக்ஸ் கடைக்கு வந்துவிடுவாள். பிளாஸ்டிக் ஸ்டூலை மின்விசிறிக்கு நேராக இழுத்துப்போட்டு உட்கார்ந்து, "ம், வாசிட்டி" என்பாள்.

இசக்கிசெல்வி திரையைப் பார்த்து வாசிப்பாள். கட்டர் டிக் டிக்கென்று வெட்டிக்கொண்டே இருக்கும். எழுத்து நன்றாக வந்திருந்தால் ஓரிடத்தில் கட்டர் நிற்கும். சில வேளை பேராச்சி சிரிப்பாள், சில வேளை சும்மா சட்டையைப் பார்த்துக்கொண்டிருப்பாள். மறுபடி டிக் டிக். அந்த நிறுத்தத்துக்காகவே இசக்கிசெல்வி வாக்கியங்களைத் திருப்பித் திருப்பி எழுதினாள். மஸ்கட்காரர்கள் போடுகிற பாராட்டெல்லாம் அதற்குப் பிறகுதான்.

சில இடங்களை விட்டு வாசிக்கும் பழக்கம் 2014 தீபாவளிக்கு வந்தது. செல்வம் அப்போது புனேயில் வேலை பார்த்தான். அந்தத் தீபாவளிக்கு அவன் வரவில்லை. பேராச்சி சாலில் எல்லோரிடமும், விடியற்காலையில் வந்தான், எண்ணெய் தேய்த்துக் குளித்தான், சாப்பிட்டதும் டூட்டிக்கு ஓடிவிட்டான் என்று சொன்னாள். அவன் டிக்கெட்டை ரத்து செய்தவளே இசக்கிசெல்விதான், அவளுக்குத் தெரியும். பலகாரம் கொடுக்கப் போனபோது பேராச்சி வீட்டில் இரண்டு வாழையிலை போட்டிருந்ததையும் பார்த்தாள். அதை எழுதினாள். பெயர் போடாமல்தான் எழுதினாள், ஆனாலும் யாரென்று தெரியும். மறுநாள் பேராச்சிக்கு வாசிக்கும்போது கண் அந்தப் பத்தியைத் தொட்டதும் நாக்கு தானாகத் தாண்டிக் குதித்தது. கட்டர் ஒரு பிசிறும் தப்பாமல் வெட்டிக்கொண்டிருந்தது. இசக்கிசெல்விக்கு மூச்சு வந்தது.

பிறகு அது வழக்கமாகிவிட்டது. பேராச்சி பொங்கல் கமிட்டிக்காரரோடு சண்டை பிடித்ததை எழுதுவாள், வாசிக்கும்போது விடுவாள். விசேஷ வீடுகளில் அவளை யாரும் முன்னால் நிற்கக் கூப்பிடாததை எழுதுவாள், விடுவாள். மனசு நோகக் கூடாதே என்றுதான். அப்படித்தான் அவள் நினைத்திருந்தாள்.

2023 பொங்கல் ஞாயிற்றுக்கிழமை வந்தது. கமிட்டிக்காரர்கள் ரோட்டைக் கூட்டி, தண்ணீர் தெளித்து, சுண்ணாம்பில் கட்டம் போட்டு எண் எழுதியிருந்தார்கள். ஒரு கட்டத்துக்கு மூன்று செங்கல். போலீஸ் பாதி ரோட்டை விட்டுக்கொடுத்திருந்தது. மறுபாதியில் பஸ்ஸில் போகிறவர்கள் புகைக்கு மூக்கைப் பொத்திக்கொண்டு எட்டிப்பார்த்தார்கள். அவர்கள் சந்து ஆட்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. மணி அடித்ததும் எல்லோரும் ஒன்றாகப் பாலூற்ற வேண்டும். எந்தப் பானை முதலில் பொங்குகிறதோ அந்தப் பக்கம் திரும்பிப் பெண்களெல்லாம் குலவையிடுவார்கள். அந்தப் பானைக்காரி அரிசி போட்ட பிறகுதான் மற்றவர்கள் போடுவார்கள். பத்து வருஷத்துக்கு மேலாக, ரோட்டில் பொங்கல் நடந்த வருஷமெல்லாம் முதலில் பொங்குவது பேராச்சி பானை. காரியம் சட்டென்று நடந்தால் சந்தில் 'பேராச்சி பானை மாதிரி' என்று சொல்கிற அளவுக்குப் போய்விட்டது.

அந்த வருஷம் பேராச்சிக்கு முழங்கால் வலி. இசக்கிசெல்விதான் அவளுடைய ஒயர் கூடையைத் தூக்கிக்கொண்டு நடந்தாள். வெல்லம், அரிசி, ஏலக்காய் எல்லாவற்றுக்கும் அடியில் துண்டு சுற்றி ஏதோ கனமாக இருந்தது. கை பட்டபோது லேசான சூடு. பிளாஸ்க். காய்ச்சிய பால் ததும்பத் ததும்ப இருந்தது. இசக்கிசெல்வி நிமிர்ந்து பார்த்தாள். பேராச்சி அவளைப் பார்த்தாள், வாய்க்குள் சிரித்தாள். இவளும் சிரித்தாள். மணி அடித்தது, பச்சைப் பால் ஊற்றிய அறுபது பானைகளுக்கு நடுவே பேராச்சியின் காய்ச்சிய பால் நுரைத்து ஏறிற்று. குலவைச் சத்தத்தில் காது அடைத்தது.

ஏன் என்று இசக்கிசெல்வி கேட்கவில்லை. அவளுக்கு அது அருமையான விஷயமாகத் தோன்றியது. வீட்டுக்குப் போய்ச் சேர்வதற்குள் முதல் வாக்கியம் மனசில் வந்துவிட்டது.

சாயங்காலத்துக்குள் எழுதி முடித்தாள். பொங்கலுக்கு ஆண்டாப் ஹில்லிலிருந்து தங்கை ஷாலினி வந்திருந்தாள். வீட்டில் அவளை மட்டும் இங்கிலீஷ் பள்ளியில் போட்டார்கள். நல்ல வேலையில் இருக்கிறாள், தமிழ் மட்டும் வாசிக்க வராது. அக்கா தட்டித் தள்ளுவதை எட்டிப்பார்த்தவள் சலித்துக்கொண்டாள்.

"இத்தனை லம்பா நீட்டி எழுதுற. சொந்த அக்கா என்ன எழுதுறான்னு இன்னிவரைக்கும் எனக்கு மாலூம் இல்ல. யாருக்குக்கா எழுதுற? பேசி குரூப்ல போடேன். சால் பூராவும் கேக்கும்."

அந்தச் சொல் இசக்கிசெல்விக்குச் சுருக்கென்றது, நியாயமாகவும் பட்டது. போனை எடுத்து, தொண்டையைச் செருமிக்கொண்டு வாசித்தாள். பதினோரு நிமிஷம். கேட்க ஆள் இருக்கிறது என்ற நினைப்பு வந்ததும் குரல் தானாக ஏறியது. பேராச்சி பேசுகிற இடங்களில் பேராச்சி போலவே பேசினாள். "ஏட்டி தள்ளுங்க, எம்பானை பொங்கப்போவுது" என்று சொன்னபோது ஷாலினி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அந்தச் சிரிப்பில் இன்னும் ரெண்டு இடம் தாராளமாகச் சேர்த்துக்கொண்டாள். சந்தின் வாட்ஸப் குரூப்பில் போட்டாள்.

கை கால் நிலைகொள்ளாத சந்தோஷம். பதினோரு வருஷம் பக்கத்தில் இருந்தும் எட்டாத ஜனம் ஒரே மணி நேரத்தில் எட்டிவிட்டது. சிரிக்கிற முகங்களும் இதயங்களும் வரிசையாக வந்து விழுந்தன. குழாயடியில் மறுநாள் அவளை யார் யாரோ நிறுத்தி, இன்னொன்று போடு என்றார்கள். வலைப்பூவில் வேங்கடசுப்ரமணியன், "நீங்கள் எழுதியதிலேயே இதுதான் ரொம்ப நன்னா வந்திருக்கு, மேடம்" என்று போட்டிருந்தார்.

மத்தியானம் பேராச்சிக்காக ஸ்டூலைத் துடைத்து வைத்தாள். திரையில் அந்த எழுத்தைத் திறந்து, எந்த மூன்று பத்தியை விட வேண்டும் என்று கூடப் பார்த்து வைத்துக்கொண்டாள். பேராச்சி வரவில்லை. மூன்று மணிக்குப் போனை எடுத்து, தன் குரலைக் கேட்டவர்கள் பட்டியலைச் சும்மா தள்ளிக்கொண்டே போனபோதுதான் பார்த்தாள். பட்டியலில் முதல் பெயர் பேராச்சி. தீபாவளிக்குச் செல்வம் அம்மாவுக்குப் போன் வாங்கிக் கொடுத்திருந்தான். அவளைக் குரூப்பில் சேர்த்துவிட்டதே இசக்கிசெல்விதான்.

சந்து அதற்குள் வேலையை ஆரம்பித்துவிட்டது. குழாயடியில் ஒருத்தி, "சித்தி, பிளாஸ்க்க இன்னிக்கு வீட்லயே வச்சிட்டு வந்தாச்சா?" என்று கேட்டாளாம். அடுத்த வருஷம் மணி அடிப்பதற்கு முன்னால் எல்லார் பாலையும் விரல்விட்டுப் பார்க்கணும் என்று கமிட்டிக்காரர் சொன்னாராம். யாரும் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. எல்லோருக்கும் அது பொங்கல் நேரத்துத் தமாஷ்.

மூன்றாம் நாள் இசக்கிசெல்வி போனாள். பேராச்சி வாசல்படியில் உட்கார்ந்து நூல் வெட்டிக்கொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை. இசக்கிசெல்வி நின்றபடியே, விளையாட்டாகத்தான் எழுதினேன், தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள் என்று இழுத்தாள். கட்டர் நிற்கவே இல்லை.

"நல்லாத்தான் வாசிச்சிருக்க" என்றாள் பேராச்சி. "எனக்கு வாசிக்கும்போது ஒருநாளும் இம்புட்டு நல்லா வாசிச்சதில்லையே."

குத்திக்காட்டுகிறாள் என்று நினைத்தாள் இசக்கிசெல்வி. திரும்பி வந்துவிட்டாள். ஆறப்போட்டால் சரியாகிவிடும் என்று நம்பினாள். முலுண்டில் செல்வம் ஃபிளாட் வாங்கி இரண்டு வருஷமாகியிருந்தது. அம்மாவைக் கூப்பிட்டுக் கூப்பிட்டு அவன் ஓய்ந்துபோயிருந்தான். ஏழாவது மாடியில் எனக்கென்ன வேலை, காக்கா கூட வராது என்பாள் பேராச்சி. அந்த மாதம் அவளாகவே போன் பண்ணி, எப்போது வண்டி கொண்டுவருகிறாய் என்று கேட்டாளாம்.

பேராச்சி வீடு மாறி இரண்டு வாரம் கழித்துச் செல்வம் கடைக்கு வந்தான். அம்மாவின் ஆதாரில் முகவரி மாற்ற வேண்டும். முலுண்டில் எத்தனையோ இடத்தில் செய்யலாம். பழக்கத்துக்கு இங்கே வந்துவிட்டான். படிவத்தில் ஏழாவது மாடி என்று அடித்தபோது இசக்கிசெல்வியின் விரல் இரண்டு தரம் தப்பியது. அவன்தான் பேச்சை எடுத்தான்.

"அக்கா, ஒங்களுக்கு ஒரு விஷயம் தெரியாது போல. அப்பா தவறிப்போன வருஷம் அம்மா பானை பொங்கவே இல்ல. விறகு ஈரம், கடைசிவரைக்கும் பால் ஏறல. ரெண்டே மாசத்துல அப்பா போயிட்டாரு. சால்ல சில பேரு அதையும் இதையும் சேர்த்துப் பேசினாங்க. அதுலருந்துதான் அம்மா பாலைச் சுடவச்சு எடுத்துட்டுப் போறது."

அந்த வருஷம் எட்டு மணி இரண்டாவது நிமிஷத்தில் டிக்கெட் கிடைத்து, இசக்கிசெல்வி ஊருக்குப் போயிருந்தாள். சந்தில் எல்லோருக்கும் தெரிந்த ஒன்று, எல்லாவற்றையும் எழுதுகிறவளுக்குத் தெரியாமல் இருந்திருக்கிறது. கூடைக்குள் கை பட்ட அந்த நேரத்தில் ஒரு வார்த்தை, ஏன் சித்தி என்று ஒரே ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும். அவள் சிரித்ததைப் பார்த்துத் தானும் சிரித்ததை நினைக்க நினைக்க, அது சிரிப்பே இல்லையோ என்று இப்போது தோன்றியது.

அன்றே அந்த எழுத்தை வலைப்பூவிலிருந்து எடுத்துவிட்டாள். குரூப்பில் போனது போனதுதான். அதை எடுக்க முடியவில்லை. விநாயகர் சதுர்த்தி வந்தது. ஊர்வலம் சந்து முனையைத் தாண்டியபோது வழக்கம்போல ஒரு வாக்கியம் வந்து நின்றது, போய்விட்டது. எழுதினால் யாருக்கு வாசிப்பது? ஷாலினி இரண்டு தரம் கேட்டாள், உடம்பு சரியில்லை என்று சொல்லிவிட்டாள்.

தீபாவளிக்கு மறுநாள் அதிரசமும் முறுக்கும் எடுத்துக்கொண்டு முலுண்டுக்குப் போனாள். சயானிலிருந்து நின்றுகொண்டே போனாள். சொல்ல வேண்டியதையெல்லாம் ஒத்திகை பார்த்துக்கொண்டே போனாள். கதவைத் திறந்தது பேராச்சிதான்.

"வாங்க" என்றாள். "உள்ள வாங்க. உக்காருங்க."

இசக்கிசெல்வி அப்படியே நின்றாள். ஏட்டி என்றும் ஏ கூறுகெட்டவளே என்றும்தான் இத்தனை வருஷம் அவளை அழைத்த வாய். எப்பவாவது கோபத்தில் அதைவிட மோசமாகவும் அழைத்திருக்கிறது. அதில் ஒன்றைக் கேட்கத்தான் அவள் இவ்வளவு தூரம் வந்தது. காபி வந்தது. பிள்ளைகள் எப்படி இருக்கிறார்கள், கடை எப்படிப் போகிறது என்று விசாரித்தாள் பேராச்சி. சந்து நினைப்பு வரவில்லையா என்று இவள் கேட்டதற்கு, இங்கே தண்ணீர் இருபத்து நாலு மணி நேரமும் வருகிறது என்றாள். பேசும்போது அவள் கை சும்மா இருக்கவில்லை. சேலை முந்தியின் ஓரத்தை விரலால் நீவி நீவி, இல்லாத பிசிறைத் தேடிக்கொண்டிருந்தது. ஒத்திகை பார்த்த வார்த்தைகளில் ஒன்றைக்கூட இசக்கிசெல்வி சொல்லவில்லை. "அடிக்கடி வந்துட்டுப் போங்க" என்று வாசல்வரை வந்து வழியனுப்பினாள் பேராச்சி. லிஃப்ட் இறங்கும்போது கண்ணாடியில் தன் முகத்தைப் பார்க்கப் பிடிக்காமல் எண்கள் குறைவதையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

2024 பொங்கலுக்குக் கமிட்டிக்காரர்கள் வழக்கம்போலப் பேராச்சிக்கும் ஒரு கட்டம் போட்டுவிட்டார்கள், பழைய ஞாபகம். கடைசிவரை அதில் யாரும் செங்கல் வைக்கவில்லை. அந்த வருஷம் யார் பானை முதலில் பொங்கியது என்று இரண்டு குடும்பத்துக்குள் தகராறு வந்து, குலவையே பாதியில் நின்றுபோனது. எழுதுவதற்கு நல்ல விஷயம்தான். இசக்கிசெல்வி எழுதவில்லை. மஸ்கட்டிலிருந்து ஒருவர், தொண்ணூறடி ரோட்டை மூடிவிட்டார்களா என்று மின்னஞ்சல் போட்டிருந்தார். வேங்கடசுப்ரமணியன் இரண்டு முறை கேட்டுவிட்டு விட்டுவிட்டார். அடுத்த பண்டிகைக் காலமும் அப்படியே போனது. பண்டிகை நடந்துகொண்டுதான் இருந்தது; அவளுக்குத்தான் காலண்டரில் இருக்கும் சிவப்பு எண்ணாகச் சுருங்கிவிட்டது. மத்தியானங்களில் ஸ்டூலில் யாராவது உட்கார வந்தால், அது கால் ஆடும் என்று பொய் சொல்லி நாற்காலியைக் கொடுத்தாள்.

இதற்கிடையே பேராச்சியிடமிருந்து ஒரு சத்தமும் இல்லை. குரூப்பிலிருந்து அவள் விலகவும் இல்லை. அவளுடைய சின்ன வட்டப் படம் அங்கேயே இருந்தது, செல்வத்தின் கல்யாணத்தில் எடுத்தது. நல்ல நாள் எதுவும் விடாமல் இசக்கிசெல்வி வாழ்த்து அனுப்புவாள். இரண்டு நீலக் கோடு விழும். அவ்வளவுதான்.

2025 ஜனவரி பதினான்காம் தேதி, செவ்வாய்க்கிழமை, மத்தியானம் இரண்டேகால். ரோட்டில் பொங்கலிட்டு வந்து, புகை வாசம் போகாத சேலையோடு இசக்கிசெல்வி கடையைத் திறந்து உட்கார்ந்திருந்தாள். போன் அதிர்ந்தது. பேராச்சி. குரல் செய்தி. காதோடு வைத்துக்கொண்டாள். முதலில் பிரஷர் குக்கர் சத்தமும், மருமகள் குரல் 'ம், பேசுங்க அத்தை' என்பதும் கேட்டது. பிறகு:

"ஏட்டி செல்வி, நான் பேராச்சி பேசுதேன். இத அமுக்கிக்கிட்டே பேசணுமாம், விரலு வலிக்கி, அதனால சுருக்கமாச் சொல்லுதேன். இங்க பால் பொங்கிட்டு. கேஸ் அடுப்புதான். பச்சப்பால்தான் ஊத்துனேன். நல்லாப் பொங்குச்சு. நான் ஒருத்தியா நின்னு குலவை போட்டேன், பக்கத்து வீட்டு மராத்திக்காரி என்னமோ ஏதோன்னு வந்து பெல் அடிச்சிட்டா. அது கெடக்கட்டும். ஒன் எழுத்து பூராத்தையும் கேட்டுட்டேன். மருமவ போன்ல எதையோ அமுக்கிக் குடுத்தா, போனுக்குள்ளருந்தே ஒரு மிஷின் பொம்பள வாசிக்கா. தீவாளியிலருந்து தெனம் கேக்கேன். அவ எதையும் விட மாட்டேங்கா, ஏட்டி. நான் ரெண்டு எலை போட்டதச் சொல்லுதா. என்னைய யாரும் முன்னால நிக்கக் கூப்பிடாததச் சொல்லுதா. நீ வாசிக்கும்போது அதெல்லாம் எங்க போச்சு? பால் சங்கதிக்குத்தான் நான் போனேன்னு நீ நெனச்சிருப்ப. அதுக்கு ஊரு ரெண்டு நாளு சிரிக்கும், மூணாம் நாளு மறந்துரும். அன்னிக்கு ஒன் கொரலக் கேட்டேன் பாத்தியா, அப்பந்தான் தெரிஞ்சுது, எனக்கு வாசிச்சது வேற, ஊருக்கு வச்சிருந்தது வேறன்னு. மீனுக்கு முள்ளெடுத்துக் குடுக்க நான் என்ன பச்சப்புள்ளையா? எலை போட்டது நெசந்தான். ஆனா நான் அழுதேன்னு எழுதிருக்க பாரு, அது பொய். ரெண்டு எலைச் சோத்தையும் நாந்தான் தின்னேன். கேட்டிருந்தா சொல்லிருப்பேன். பால் கதைய மட்டும் காணோம், அத ஏன் எடுத்த? திரும்பப் போடு. அந்தப் பொம்பள வாசிப்பு சரியில்ல. சிரிக்க வேண்டிய எடத்துலயும் ரேஷன் கடைக்காரன் பேர் கூப்பிடுத மாதிரிக் கூப்பிடுதா. நீயே வாசிச்சு அனுப்பு. முதல் எழுத்துலருந்து, ஒன்னு விடாம. கட்டர இங்க கொண்டாந்துட்டேன். வெட்டுததுக்குத்தான் ஒன்னுமில்ல. கேக்கும்போது சும்மா கையில வச்சிருக்கேன்."